வாசகர் கேள்வி–பதில்: கரையோர ஊரில் ஒரு கொலைக் கதை

கிழக்கிலங்கையின் பாழடைந்த கரையோர ஊர் ஒன்றை வைத்து மர்ம நாவல் எழுத முனைவோரிடமிருந்து வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் தருகிறோம். ஒரே விடயத்தைக் கேட்டவர்களின் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: பெருக்கு ஏறினால் மூழ்கிவிடும் மணல் பாதை வழியாகத்தான் என் கதையில் வரும் பழைய விடுதிக்குப் போக முடியும். கொலை நடந்த இரவு பாதை மூழ்கிவிட்டது. ஆகவே உள்ளே இருந்த ஆறு பேரில் ஒருவர்தான் கொலைகாரர். விடுதியைப் பாசிக்குடாவில் வைக்கலாமா? (வாசகி, ஆரையம்பதி)

பதில்: வைக்க முடியாது. நமது கிழக்குக் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வித்தியாசம், பறுவத்திலும் அமாவாசையிலும்கூட, ஏறத்தாழ இரண்டு அடிதான். மட்டக்களப்பு வாவிக்குள் அதிலும் குறைவு. இங்கிலாந்தின் பல கரைகளில் அது 4, 5 மீற்றர். பிறிஸ்டல் கால்வாயில் 12 மீற்றருக்கும் மேல். அந்த ஊர்க் கதைகளில் பாதை மூழ்குவதற்குக் காரணம் அந்தக் கடல்தான். பாசிக்குடாவிலோ நெடுந்தூரம் கடலுக்குள் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாத இடங்கள் உண்டு. உங்கள் கதையை வாசிக்கும் கல்குடா மீனவர் ஒருவர் மூன்றாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

ஆனால் நமக்கென்று வேறொரு பூட்டும் திறப்பும் இருக்கின்றன. அது வாவி கடலோடு சேரும் வாயான முகத்துவாரம். பாலமீன்மடுப் பக்கம் ஒன்று, தெற்கே கல்லாற்றுப் பக்கம் ஒன்று. கோடையில் கடலலை மணலைக் கொண்டுவந்து குவித்து வாயை அடைத்துவிடும். கார்த்திகை மாரியில் ஆறுகளும் வாய்க்கால்களும் வாவிக்குள் இறங்க, போக வழியில்லாத தண்ணீர் மட்டம் ஏறி, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்களையும் தாழ்ந்த வீதிகளையும் மூடும். அப்போது முகத்துவாரத்தை வெட்டுவார்கள். முழு மணல் திட்டையும் அள்ள வேண்டியதில்லை. ஒடுங்கிய வாய்க்கால் ஒன்றை வெட்டிவிட்டால் போதும், பாய்கிற தண்ணீரே கரையை அரித்துச் சில மணி நேரத்தில் பெருவாயாக்கிவிடும். பிறகு மட்டம் இறங்கத் தொடங்கும்.

இதைக் கதையாக்கிப் பாருங்கள். உங்கள் விடுதியைப் படுவான்கரையில் ஒரு பழைய வளவாக மாற்றுங்கள். வெள்ளத்தால் வீதி மூடி, பாதையும் ஓடாமல் நிற்க, ஆறு பேர் உள்ளே அகப்படுகிறார்கள். (வெளியூர் வாசகருக்கு: வாவியைக் கடக்க ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச்செல்லும் மிதவையை இங்கே ‘பாதை’ என்போம்.) கொலைகாரர் உடலையோ ஆயுதத்தையோ வளவின் பின்னால் கழுத்தளவுத் தண்ணீரில் கல்லைக் கட்டி அமிழ்த்துகிறார். அந்த இடம் எப்போதும் அவ்வளவு ஆழம் என்று நினைக்கிறார். காரணம் அவர் வெளியூர்க்காரர். மூன்றாம் நாள் முகத்துவாரம் வெட்டப்படுகிறது. தண்ணீர் இறங்க, மறைத்தது முழங்காலளவு சேற்றில் தெரிகிறது. யார் அமிழ்த்தியது என்பதற்கும் அதுவே சாட்சி. ஊரார் யாரும் அந்த இடத்தைத் தெரிவுசெய்திருக்க மாட்டார்கள்.

இங்கே பலர் விடும் பிழை, முகத்துவாரத்தைத் திடீரென்று கடைசி அத்தியாயத்தில் கொண்டுவருவது. முதல் மூன்று அத்தியாயத்துக்குள் வயல்காரர் ஒருவர் “வாய இன்னும் வெட்டல்லியாகா?” என்று கேட்டுவிட வேண்டும். வாசகர் அதை ஊர்ப்பேச்சு என்று எண்ணிக் கடந்துபோவார். அப்படிக் கடந்துபோவதுதான் உங்களுக்குத் தேவை.

காலநிலையிலும் ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். வாவி நீருக்குள் கேட்கும் பாடும் மீனின் ஒலியைக் கொட்டும் மழையிரவில் கேட்கவைக்காதீர்கள். அது சித்திரை முதல் புரட்டாதி வரையான காலத்தில், காற்றடங்கிய நிலவிரவில், கல்லடிப் பாலத்தை அண்டிய தண்ணீரில், துடுப்பின் ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையைக் காதில் பொருத்திக் கேட்பது. சூரியன் கடலில் எழும்பி வாவிப் பக்கம் படும். எழுவான்கரை, படுவான்கரை என்ற பெயர்களே அதைச் சொல்கின்றன. கார்த்திகைக் கடைசியில் 5.40 மணியளவில் சூரியன் மறைந்துவிடும், ஆடியில் 6.20 தாண்டும். “ஆறு மணிக்கு முகத்தைத் தெளிவாகக் கண்டேன்” என்ற சாட்சியம் ஆடியில் நிற்கும், கார்த்திகையில் ஆட்டம் காணும். மூடுபனி கட்டாயம் வேண்டுமென்றால் மார்கழி, தை விடியற்காலையில் வயல்வெளிக்குப் போங்கள். கடற்கரையில் மனதை அழுத்தும் சூழல் வேண்டுமா? வைகாசிக்குப் பிறகு அடிக்கும் கச்சான் காற்றை எழுதுங்கள். வெயிலோடு சேர்ந்து வரும் அந்த வறண்ட காற்றில் உதடு வெடிக்கும், கதவு அடிக்கும், தூக்கம் வராது, வாய்த்தர்க்கம் வரும். கொலைக்கு மழையிரவைவிட அது பொருத்தம் என்பது எங்கள் எண்ணம்.

கேள்வி: “பாழடைந்த வீடு” என்று எழுதினால் கண்ணுக்குள் எதுவும் வரவில்லை. சிலந்திவலை, வௌவால் தவிர வேறு என்ன எழுதலாம்? (வாசகர், கல்முனை)

பதில்: உப்பை எழுதுங்கள். கடலோர வீட்டைத் தின்பது உப்புத்தான், அது தின்னும் முறைக்கு ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கு தெரிந்தால் வீடே துப்பாகும்.

முதலில் சுவர். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். ஈரத்தோடு உப்பும் ஏறும். வெயிலில் ஈரம் ஆவியாக, உப்பு சாந்துக்குள் பளிங்காகி அதை உள்ளிருந்தே உடைக்கும். அதனால்தான் இடுப்பளவு உயரம் வரை பூச்சு மாவாக உதிர்ந்து, அதற்கு மேலே சுவர் நன்றாக இருக்கும். அப்படிப்பட்ட சுவரில் ஓரிடத்தைச் சீமெந்தால் பூசினால் என்ன நடக்கும்? சீமெந்து ஈரத்தை வெளியே விடாது. ஈரம் அந்தப் பூச்சைச் சுற்றிக்கொண்டு போய் விளிம்பில் வெளிவரும். பூசிய இடம் சாம்பல் நிறத்தில் காய்ந்திருக்க, அதைச் சுற்றி வெள்ளை உப்பு வளையம் பூக்கும். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அடுத்த கோடையில் வளையம் திரும்ப வரும். சுவருக்குள் எதையோ ஒளித்தவர் அதை எவ்வளவு காலம் மறைக்க முடியும்? கதாநாயகி கொத்தனாரின் மகள் என்றால் வேறு எந்த நிபுணரும் தேவையில்லை.

அடுத்தது கொங்கிறீற். உப்பு உள்ளே ஊறிக் கம்பியைத் தொட்டதும் கம்பி துருவேறும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். தூண் கம்பியின் நீளத்துக்கே வெடிக்கும். குறுக்கு வெடிப்பு என்றால் காரணம் வேறு. கடல் மணலைக் கழுவாமல் குழைத்துக் கட்டிய தூண் இன்னும் விரைவாகப் போகும். கட்டடத்தில் களவு செய்த ஒப்பந்தகாரரை உங்கள் கதையில் ஒரு தூணே காட்டிக்கொடுக்கலாம்.

கதவு. மரம் நாரின் குறுக்கேதான் ஊதும், நீளப்பாட்டுக்கு ஊதுவது மிகக் குறைவு. நெடும்பலகைக் கதவு மாரியில் அகலத்தில் ஊதி நிலையில் இறுகும்; அதன் உயரம் அப்படியே இருக்கும். கச்சானில் அதே கதவு சுருங்கி, விரலை நுழைக்கும் இடைவெளி விடும். ‘உள்ளே தாழிட்ட அறை’ எழுதுவோர் இதைக் கவனிக்க வேண்டும். மார்கழியில் தாழ் போடாமலே ஒரு கதவு தாழிட்டதுபோல் இறுகி நிற்கும். இரண்டு பேர் தோளால் இடித்துத் திறந்துவிட்டு, “உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது” என்று நல்ல நம்பிக்கையோடு சொல்வார்கள். பொய் சொல்லாத சாட்சி தரும் பிழையான சாட்சியம் மர்ம நாவலுக்குக் கிடைக்கும் பெரும் செல்வம். ஆனால் இடித்துத் திறந்த கதவில் தாழ்ப்பாள் வளைந்திருக்க வேண்டும், ஆணி பிடுங்கியிருக்க வேண்டும். அவை ஒழுங்காக இருப்பதை முதலில் யார் காண்கிறார் என்று முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள்.

பூட்டு. கடற்கரையில் ஆறு மாதம் தொடாத ஆமைப்பூட்டு இறுகிப்போகும். யாரும் வராத வீட்டின் பூட்டு சத்தமில்லாமல் திறந்தால் யாரோ வந்துபோகிறார்கள் என்று அர்த்தம். தேங்காயெண்ணெய் போட்டிருந்தால் மணல் ஒட்டிப் பிசுபிசுக்கும்; தையல் மெசின் எண்ணெய் என்றால் சுத்தமாக ஓடும். எந்த வீட்டில் தையல் மெசின் இருக்கிறது என்று நாலு அத்தியாயம் முன்னதாகவே காட்டிவிடுங்கள்.

இன்னொன்று. நமது கரையில் பாழுக்குத் திகதி உண்டு. 1978 நவம்பர் 23 சூறாவளி, அதன் பின் போர், 2004 டிசம்பர் 26 கடற்கோள். சூறாவளி கூரையைக் கொண்டுபோகும், சுவரை விட்டுவிடும். கடல் சுவரைக் கொண்டுபோகும். நாவலடிப் பக்கம் அத்திவாரமும் கிணறும்தான் மிஞ்சின. ஒலுவிலில் பாழ் வேறு விதம். துறைமுகத் தடுப்புச் சுவர் மணலை மறித்ததால் தெற்கே மணல் சேர, வடக்கே நிந்தவூர்ப் பக்கம் கரை அரிந்து தென்னைகள் வேரோடு சாய்கின்றன. உங்கள் இடிபாடு எந்த ஆண்டின் இடிபாடு என்று தெரியாமல் முதல் வரியையும் எழுத வேண்டாம். இவை பலர் தம் வீட்டாரை இழந்த இடங்கள். வெறும் அலங்காரமாக அவற்றைப் பயன்படுத்துவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: வாவியில் மிதக்கும் உடல். நீரில் மூழ்கி இறந்தாரா, இறந்த பின் போடப்பட்டாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? (வாசகர், வாழைச்சேனை)

பதில்: ஒரே சோதனையில் முடிவு வராது. பல அடையாளங்களைச் சேர்த்துத்தான் சட்ட வைத்திய அதிகாரி முடிவுக்கு வருவார். அவற்றுள் கதைக்குப் பயன்படுபவை சில.

உயிரோடு மூழ்கியவரின் மூக்கிலும் வாயிலும் சவர்க்கார நுரை போன்ற நுண்ணிய வெள்ளை நுரை காணப்படலாம். துடைத்தாலும் திரும்ப வரும். அழுகத் தொடங்கினால் அது போய்விடும். விரல் தோல் வெளுத்துச் சுருங்குவது தண்ணீரில் கிடந்ததை மட்டுமே காட்டும். இறந்த உடலிலும் அது நடக்கும். இதை மூழ்கிய அடையாளமாக எழுதுவது மிகப் பரவலான பிழை.

மிக நல்ல துப்பு இரத்தத் தேக்கம். இறந்த பின் இரத்தம் கீழ்ப்பக்கமாக இறங்கி, அந்தத் தோல் செந்நீலமாகும். ஏறத்தாழ 6 முதல் 12 மணித்தியாலத்தில் அது நிலைத்துவிடும். தண்ணீரில் உடல் பெரும்பாலும் முகம் குப்புற, தலையும் கைகால்களும் தொங்க மிதக்கும். ஆகவே நிறம் முகத்திலும் கைகால்களிலும் இருக்க வேண்டும். முதுகில் நிலைத்திருந்தால், உடல் பல மணி நேரம் தரையில் மல்லாந்து கிடந்த பின்பே வாவிக்கு வந்திருக்கிறது.

நமது வெப்பத்தில் எல்லாம் விரைவாக நடக்கும். குளிர்நாட்டு நூல்களிலுள்ள நேரங்களை அப்படியே எடுக்காதீர்கள். விறைப்பு ஒன்றிரண்டு மணி நேரத்தில் தொடங்கி, ஒரு நாளுக்குள்ளேயே தளரத் தொடங்கலாம். மூழ்கிய உடல் ஒன்றிரண்டு நாளில் மேலே வரும். நண்டும் மீனும் உதடு, இமை, காது என்று மென்மையான இடங்களை முதலில் தின்னும். வாவியில் முதலையும் உண்டு. இறந்த பின் ஏற்பட்ட காயத்தில் உயிருள்ள தசையின் இரத்தக்கசிவும் வீக்கமும் இருக்காது என்பதால் வைத்தியர் அவற்றைப் பிரித்தறிவார்.

கிணற்றில் அமிழ்த்திக் கொன்று வாவியில் போடும் கதை என்றால் டயற்றம் சோதனை பற்றி வாசியுங்கள். டயற்றம்கள் சிலிக்கா ஓடுள்ள நுண்பாசிகள். உயிரோடு மூழ்கும்போது நுரையீரல் வழியே இரத்தத்தில் கலந்து எலும்பு மச்சைவரை போகும். கிணற்று நீரிலும் உவர்நீரிலும் வாழும் வகைகள் வேறு. ஆனால் நிபுணர்களிடையே இச்சோதனை பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. இதை ஒரே ஆதாரமாக்கி நீதிமன்றத்தில் வெல்லவைக்காதீர்கள்.

நஞ்சு பற்றிக் கேட்ட இருவருக்கும்: அறிகுறியைச் சரியாக எழுதுங்கள், அளவை எழுதாதீர்கள். கதைக்கு அது தேவையில்லை.

கேள்வி: நமது ஊரில் கொலையை விசாரிப்பது யார்? கதையில் தனியார் துப்பறிவாளரை வைக்கலாமா? (வாசகி, அக்கரைப்பற்று)

பதில்: வைக்கலாம், ஆனால் உடலைத் தொடவோ ஆட்களைக் கூப்பிட்டு விசாரிக்கவோ அவருக்கு அதிகாரம் இருக்காது. நடைமுறை இது: தகவல் பொலிஸுக்குப் போகும். திடீர் மரண விசாரணை அதிகாரி இடத்துக்கு வருவார். சந்தேகம் என்றால் நீதவானுக்கு அறிவித்து, பிரேத பரிசோதனைக்கு உத்தரவு பெறுவார்கள். உடல் சட்ட வைத்திய அதிகாரியிடம் போகும். மாதிரிகள் கொழும்பை அண்டிய பத்தரமுல்லையில் உள்ள அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு அனுப்பப்படும். அறிக்கை அடுத்த நாள் காலையில் மேசையில் இருப்பதாக எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். அந்தத் தாமதத்தைக் கதைக்குப் பயன்படுத்துங்கள். கைதானவரை 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். வழக்கு மேல் நீதிமன்றத்தில் நடக்கும். மரண தண்டனை இன்றும் விதிக்கப்படுகிறது. 1976க்குப் பிறகு நிறைவேற்றப்படவில்லை. ஆகவே தூக்குமேடைக் காட்சி வேண்டாம்.

கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி பொலிஸ் பொறுப்பதிகாரியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார், கதை முடிகிறது என்று பலர் எழுதுகிறார்கள். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. ஒப்புதலோடு ஒரு பொருளும் கிடைக்கவேண்டும். கத்தி எங்கே என்று அவரே சொல்லி, அங்கே கத்தி கிடைத்தால் 27ஆம் பிரிவு அந்த அளவுக்கு இடம் தரும்.

துப்பறிபவராக யாரை வைக்கலாம் என்றால், நாங்கள் கிராம சேவகரையோ திடீர் மரண விசாரணை அதிகாரியையோ சொல்வோம். இருவருக்கும் ஊரில் எல்லா வீட்டு வாசலும் திறக்கும். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, தமிழில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கும் இடத்தில் ஒரு சொல் மாறிப்போவதும் நல்ல முடிச்சு.

கேள்வி: கொலைகாரர் வேறிடத்தில் இருந்ததாகக் காட்டும் புதிய உத்தி ஏதாவது? (வாசகர், களுவாஞ்சிக்குடி)

பதில்: வாவியின் இரு கரையிலும் இரு நேரம் இருந்த காலம் ஒன்று நமக்கு உண்டு. வேறு ஊர் எழுத்தாளருக்கு எளிதில் கிடைக்காத பொருள் இது.

1996 மே மாதம் நாட்டின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்வாங்கப்பட்டது. 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பினோம். இடைப்பட்ட காலத்தில், படுவான்கரை உட்பட, புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்தையே வைத்திருந்தது. ஆக 1996 ஒக்டோபர் முதல் 2006 ஏப்ரல் வரை, எழுவான்கரையில் பத்தரை என்றால் படுவான்கரையில் பத்து.

கொலை 2002இல், ஆரையம்பதியில், புதிய நேரம் 9.45க்கு. கொக்கட்டிச்சோலைக் கடைக்காரர், “பத்து மணிக்கு என் கடையில் நின்றவர்” என்கிறார். சோதனைச் சாவடியையும் மண்முனைப் பாதையையும் தாண்டிப் பதினைந்து நிமிடத்தில் அங்கே போகவே முடியாது. ஆனால் அவர் சொன்னது பழைய நேரம், உண்மையில் 10.30. நாற்பத்தைந்து நிமிடம் போதும்.

எச்சரிக்கை: அந்நாளில் ஊரில் யாரைக் கேட்டாலும் “பழைய நேரமா, புதிய நேரமா?” என்றுதான் கேட்பார்கள். அப்போதைய விசாரணையாளர் ஏமாந்ததாக எழுதினால் எடுபடாது. விசாரணை பல வருடம் கழித்து நடக்கட்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பின் வளர்ந்த பிள்ளை ஒன்று பழைய வாக்குமூலத்தை வாசிக்கட்டும். அதற்குப் பாதையும் தெரியாது, பழைய நேரமும் தெரியாது. வீட்டு அலுமாரியில் கிடக்கும் அந்தக் காலக் கலியாணக் கார்ட் ஒன்றில் முகூர்த்தத்தின் பக்கத்தில் ‘பழைய நேரம்’ என்று அச்சிட்டிருப்பதை முதற்பாதியிலேயே காட்டிவிட்டால் வாசகருக்கு நியாயம் செய்தவராவீர்கள்.

கேள்வி: சொத்துக்காக அண்ணன் தம்பியைக் கொல்வதாக எழுதியிருக்கிறேன். வாசித்த அம்மம்மா “இது நம்மட ஊர்க் கதை இல்லை மனே” என்கிறார். ஏன்? (வாசகர், திருக்கோவில்)

பதில்: அம்மம்மா சொல்வது சரி. நமது கரையில், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் மனைவி வீட்டுக்கு வருவார். குடி என்னும் குலப் பிரிவும் தாய்வழியே வரும். ஆகவே தாய்வீட்டுக்காக ஆண்பிள்ளைகள் இருவர் வெட்டிக்கொள்வது வலுவான காரணமாகத் தெரியாது. மூத்த மகளுக்கு எழுதிய வீடு கடற்கோளில் போனது, இளையவளுக்கு வைத்த வளவு மிஞ்சியது. இப்போது மூத்தவள் எங்கே போவாள்? மனைவி இறந்த பின் அந்த வீட்டில் மருமகனின் நிலை என்ன? மூன்று மகள்களுக்கும் வீடு கட்ட வெளிநாட்டில் உழைத்த அண்ணனுக்கு ஊரில் தங்க ஒரு அறை உண்டா? உங்கள் காரணத்தை இங்கே தேடுங்கள். அம்மம்மாவிடம் இரண்டாம் வரைவையும் கொடுங்கள்.

கேள்வி: உண்மையான ஊர்ப்பெயர் போடலாமா? பேச்சுவழக்கு எவ்வளவு? (வாசகி, பொத்துவில்)

பதில்: கொலை நடக்கும் ஊரைக் கற்பனையாக்குங்கள், சுற்றியுள்ள ஊர்களை உண்மையாக விடுங்கள். பஸ் எங்கே போகிறது என்பது உண்மையாக இருந்தால் கற்பனை ஊரும் நிற்கும். மட்டக்களப்புக்குத் தெற்கே ரயில் இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

உரையாடலில் வழக்கு முழுமையாக இருக்கட்டும்: கா, மனே, மறுகா, கிறுகி. முஸ்லிம் வீட்டில் வாப்பா, உம்மா, ராத்தா, காக்கா. விவரணையில் பொதுத்தமிழ். வழக்கே துப்பாகவும் உதவும். கொக்கட்டிச்சோலையில் பிறந்ததாகச் சொல்லும் ஒருவர், பாதையை ‘படகுச் சேவை’ என்று ஒரே ஒருமுறை சொல்லட்டும். அதைக் கேட்டவர் அந்த இடத்தில் ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கட்டும்.